கேட்காத இடது காது

என் தங்கையின் புருஷன் ரஷ்யாவுக்குப் புறப்பட்ட காலையில் எனக்கு வயிற்றுவலி என்று சொல்லிப் படுத்துக்கொண்டேன். வயிற்றில் ஒன்றும் இல்லை. எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வரிசையில் என் காம்பராவுக்கும் தங்கையின் காம்பராவுக்கும் நடுவே மூன்று வீடுகள்தான். வேன் வந்து நின்றது, யாரோ தேங்காய் உடைத்தது, பக்கத்து வீட்டுக்காரிகள் "பத்திரமாப் போயிட்டு வாங்க தம்பி" என்று சொன்னது எல்லாம் படுத்த இடத்திலேயே கேட்டது. தங்கை வந்து கதவைத் தட்டினாள்.

"அக்கா, ஒங்கிட்ட சொல்லிட்டுத்தான் போவேன்னு அவரு நிக்கிறாரு. ஒரு நிமிஷம் எந்திரிச்சு வாயேன்."

"தல தூக்க முடியல. நல்லா இருக்கச் சொல்லு" என்றேன், போர்வைக்குள் இருந்தபடியே.

அவர் போய்விட்டார். வேன் சத்தம் பசறை ரோட்டில் வளைவுக்கு வளைவு குறைந்துகொண்டே போனது. அது முழுசாக அடங்கிய பிறகு எழுந்து முகம் கழுவி, பதுளைக்கு வேலைக்குக் கிளம்பினேன்.

அந்தப் பயணத்துக்கு என் வீட்டுக்காரரும் போயிருக்க வேண்டியவர். இரண்டு பேரும் சேர்ந்துதான் பெயர் கொடுத்தார்கள். முன்பு ஆமியில் சிப்பாயாக இருந்த ஒருவர் பதுளையில் ரஷ்யாவுக்கு ஆள் சேர்ப்பதாகக் கேள்விப்பட்டுப் போய்ப் பார்த்தார்கள். நானும் தங்கையும்கூடப் போயிருந்தோம். அந்த ஆள் நல்ல தமிழ் பேசினார். "சண்டைக்கெல்லாம் இல்ல. அங்க சண்டைக்கு அவங்க ஆளுங்க இருக்காங்க. நீங்க பின்னால கேம்புல சமையல் செய்யணும், சாமான் ஏத்தி இறக்கணும். ஒரு வருஷம் இருந்தா அந்த நாட்டு விசாவே தருவாங்க" என்றார். தங்கை என் கையைப் பிடித்து அழுத்தினாள். திரும்பி வரும் பஸ்ஸில் நாங்கள் இரண்டு பேரும் மனதுக்குள் வீடு கட்டிக்கொண்டே வந்தோம்.

கொழும்பில் மெடிக்கல் நடந்தது. என் வீட்டுக்காரரைச் சுவரைப் பார்த்து நிற்கச் சொல்லி, பின்னால் இருந்து மெதுவாக ஏதோ சொல்லியிருக்கிறார்கள். அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். வலது காதுப் பக்கம் சொன்னதைச் சொல்லிவிட்டார். இடது பக்கம் சொன்னது எதுவும் அவருக்குக் கேட்கவில்லை. பதினெட்டு வருடம் தேயிலை பெக்டரியில் ரோலர் மெஷினுக்குப் பக்கத்தில் நின்றவர். அந்தச் சத்தம் ஒரு காதைத் தின்றுவிட்டது என்று எங்களுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அது இப்படி ஒரு நாளில் குறுக்கே வந்து நிற்கும் என்று நினைக்கவில்லை. தங்கையின் புருஷன் மேசன் வேலை செய்தவர். கை, கால், கண், காது எல்லாம் சரியாக இருந்தது. அவரை எடுத்துக்கொண்டார்கள்.

வீட்டுக்கு வந்து வாசலில் செருப்பைக் கழற்றிய மனுஷனிடம் நான் கேட்ட முதல் கேள்வி, "ஏதாச்சும் ஒண்ணச் சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?" என்பதுதான்.

"நான் என்ன வேணும்னா கேக்காம நின்னேன்?" என்றார் அவர்.

அதற்குப் பிறகு ஒரு வாரம் அவருடைய இடது பக்கமாகவே நடந்து, அவருக்குக் கேட்காது என்று தெரிந்தே, வாய்க்குள் திட்டிக்கொண்டிருந்தேன். சொல்ல வெட்கமாக இருந்தாலும் அதுதான் நடந்தது.

தங்கையும் நானும் ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள். அவள் கொழுந்து பறிக்கப் போனாள். நான் உயர்தரம் வரை படித்ததால், பதுளையில் ஒரு டொக்டரம்மாவின் டிஸ்பென்சரியில் நம்பர் துண்டு எழுதிக் கொடுக்கும் வேலை கிடைத்தது. அதனால் லயத்தில் எனக்கு ஒரு மரியாதை இருந்தது. ஃபோர்ம் நிரப்ப, ஆஸ்பத்திரி கார்டு வாசிக்க என்னிடம்தான் வருவார்கள். தங்கையின் புருஷன் போன பிறகு அது மாறியது. தங்கையின் போனைச் சுற்றித்தான் கூட்டம். முதல் மாதம் படங்கள் வந்தன. முழங்கால் அளவு பனியில், காதை மூடும் ரோமத் தொப்பியோடு அவர் நிற்கிறார். பின்னால் ஒல்லியான வெள்ளை மரங்கள். "எங்க மாமா ஐஸ்ல நடக்குறாரு" என்று லயத்துப் பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடினார்கள்.

தங்கை படத்தை என்னிடமும் நீட்டினாள். "தொப்பியப் பாத்தியாக்கா? கொரங்கு மாதிரி இல்ல?" என்று சிரித்தாள்.

"ஆளு கறுத்துட்டாரு" என்றேன். பனியில் யாராவது கறுப்பார்களா? அவள் சிரிப்பு நின்றது. அந்தச் சிரிப்பு நின்றதில் எனக்கு ஒரு திருப்தி இருந்தது.

டொக்டரம்மா யாழ்ப்பாணத்துப் பக்கம். ரொம்ப வருடத்துக்கு முன் பெரியாஸ்பத்திரிக்கு மாற்றலாகி வந்து, பிறகு பதுளையிலேயே தங்கிவிட்டவர். அவருடைய மகன் ரஷ்யாவில்தான் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தான். ஒருநாள் நோயாளிகள் குறைந்த நேரத்தில் மகனைப் பற்றி ஏதோ சொன்னார். என் வாய் சும்மா இருக்கவில்லை.

"எங்க தங்கச்சி வீட்டுக்காரரும் ரஷ்யாவுலதான்மா இருக்காரு."

அதுவரை தங்கையைக் கண்டு எரிந்துகொண்டிருந்தவள், டொக்டரம்மாவுக்கு முன்னால் அதே ஆளை வைத்துப் பெருமையடித்தேன். படத்தையும் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"என்ன வேலைக்குப் போனவர்?"

"ஆமிக் கேம்புல சமையலுக்குங்க."

"இது சமையல்காரன்ர உடுப்பு மாதிரித் தெரியேல்லையே, பிள்ளை. கையெழுத்து வைச்சது ரஷ்யப் பாஷையிலயோ?"

"தெரியலங்கம்மா."

"உங்கட தங்கச்சியிட்டச் சொல்லுங்கோ. அந்தக் கடதாசிய அவர் ஒருக்காப் படம் எடுத்து அனுப்பட்டும். என்ர மகன் வாசிச்சுச் சொல்லுவான். பிறகு பாப்பம் எண்டு விடாதேங்கோ. இண்டைக்கே சொல்லுங்கோ."

சரிங்கம்மா என்று தலையாட்டினேன். ஆனால் பஸ்ஸில் வரும்போது எனக்குள் வேறொன்று ஓடியது. தன் பிள்ளை போன நாட்டுக்கு ஒரு லயத்து ஆளும் போய்விட்டானே என்று அந்த அம்மாவுக்குப் பொறுக்கவில்லை என்று நினைத்தேன். என் நெஞ்சில் கிடந்ததை அவர் முகத்தில் ஒட்டிப் பார்த்திருக்கிறேன். வீட்டுக்கு வந்தபோது தங்கை குழாயடியில் நின்றாள். அவளிடம் சொல்லவில்லை. நான் சொன்னால், இவளுக்கு வயிற்றெரிச்சல் என்றுதான் லயமே பேசும் என்று ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். மறுநாளும் சொல்லவில்லை. டொக்டரம்மா கேட்டபோது, "சொல்லிட்டேங்கம்மா" என்று பொய் சொன்னேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு குரல் பதிவு வந்தது. தங்கை காலையில் வேலைக்குப் பெயர் பதியும் பெரட்டுக்குக்கூடப் போகாமல் என்னிடம் ஓடிவந்தாள். போனை என் காதில் வைத்தாள். அவர் மூச்சு வாங்கிப் பேசினார்.

"இங்க சமையக்கட்டெல்லாம் கெடயாதுடி. துப்பாக்கி குடுத்துட்டாங்க. நாளைக்கு முன்னுக்கு அனுப்புறாங்களாம். இந்தப் போனையும் வாங்கிக்குவாங்க. அக்காக்கிட்ட சொல்லி யாருக்காவது எழுதச் சொல்லு."

அவ்வளவுதான். தங்கை என் மடியில் விழுந்து அழுதாள். நான் அவள் முதுகைத் தடவினேன். அந்த நேரத்தில் எனக்கு முதலில் வந்தது துக்கம் இல்லை. இத்தனை நாளாக நெஞ்சில் இறுகிக் கிடந்த ஒரு முடிச்சு அவிழ்ந்தது. நல்லவேளை, நம் வீட்டு ஆள் போகவில்லை என்பதோடு அது நிற்கவில்லை. இனி அவள் என்னைவிட மேலே இல்லை என்பதும் அதில் இருந்தது. பயமும் அழுகையும் அதற்குப் பிறகுதான் வந்தன.

அன்றைக்கே அவளை டொக்டரம்மா வீட்டுக்குக் கூட்டிப்போனேன். மகன் லீவில் வந்திருந்தான். இருபத்திரண்டு வயதிருக்கும். எங்களுக்கு நாற்காலி எடுத்துப்போட்டு, தானே தேத்தண்ணி கொண்டுவந்து கொடுத்தான். தங்கையின் போனில், புருஷன் போன புதிதில் "பாரு, என் கையெழுத்து" என்று அனுப்பிய கடதாசிப் படம் இருந்தது. அவளிடம் அது இருந்திருக்கிறது. நான் கேட்டிருந்தால் அன்றைக்கே காட்டியிருப்பாள்.

அவன் அதைப் பெரிதாக்கி வரி வரியாக வாசித்தான்.

"இதில சமையல் எண்டு ஒரு சொல்லும் இல்லை அக்கா. படைவீரர் எண்டுதான் இருக்கு. ஒரு வருஷத்துக்குச் சம்மதம் எண்டு கையெழுத்து வைச்சிருக்கிறார்."

தங்கை அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நீங்களும் அங்கதானே தம்பி இருக்கீங்க. ஒங்களக் கூப்புடலியா?"

"நாங்கள் வெளிநாட்டு மாணவர். எங்களைக் கூப்பிட மாட்டினம்." அவன் கொஞ்சம் தயங்கினான். "என்னோட படிக்கிற அந்த நாட்டுப் பொடியளும் போகேல்லை. படிக்கிற ஆக்களுக்கு ஆமிக்குப் போறதுக்குத் தவணை குடுப்பினம். தூரத்து ஊர்களில இருக்கிற, வசதியில்லாத சனம்தான் கனக்கப் போகுது. எங்கட ஹொஸ்டல் கூட்டுற அம்மாவின்ர ரெண்டு மகன்மாரும் போயிட்டினம்."

அவன் குரலில் பெருமை இல்லை, உண்மையிலேயே வருத்தம்தான் இருந்தது. அந்த அடக்கம்தான் எனக்குத் தாங்கவில்லை. சுவரில் அவன் வெள்ளைக் கோட்டோடு நிற்கும் படம் இருந்தது. அதே பனி, அதே மாதிரி வெள்ளை மரங்கள். டொக்டரம்மா அவன் பக்கத்தில் நின்று, தன்னை அறியாமலேயே அவன் சட்டைக் கொலரைச் சரிசெய்துகொண்டிருந்தார். அதுவரை தங்கைமேல் எரிந்த நெருப்பு எவ்வளவு சின்னது என்று அப்போது தெரிந்தது. இந்த வீட்டுப் பிள்ளையும் எங்கள் வீட்டு ஆளும் ஒரே நாட்டுக்குத்தான் போனார்கள். இவனிடம் மட்டும் யாரும் துப்பாக்கியை நீட்டவில்லை.

டொக்டரம்மா தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் செய்தார். நான் மனுக்கள் எழுதினேன். தமிழில் எழுதி, சிங்களத்தில் எழுதுவித்து, ஆங்கிலத்தில் டொக்டரம்மா திருத்தி, கொழும்புக்கு அனுப்பினோம். ஒருமுறை தங்கையும் நானுமே கொழும்புக்குப் போனோம். அங்கே வரிசையில் எங்களோடு நின்றவர்கள் முக்கால்வாசி சிங்களக் கிராமத்துப் பெண்கள். மொனராகலைப் பக்கத்தில் இருந்து வந்த ஒருத்தி கைக்குழந்தையோடு நின்றாள். அவள் புருஷன் இந்த நாட்டு ஆமியில் இருந்து விலகி, கரும்பு வெட்டிக்கொண்டிருந்தவனாம். அவளுடைய அண்ணன் முன்பே இங்கத்தைய யுத்தத்தில் செத்துவிட்டான் என்றாள். எங்களுக்குச் சிங்களம் பாதி, அவளுக்குத் தமிழ் கால்வாசி. ஆனாலும் மூன்று மணிநேரம் பேசினோம். அந்த வரிசையில் காரில் வந்து இறங்கிய ஒருவரையும் நான் காணவில்லை.

ஐந்து மாதம் ஒரு தகவலும் இல்லை. அந்த ஐந்து மாதத்தில் தங்கை என் வீட்டுப் பக்கம் வருவதைக் குறைத்துக்கொண்டாள். பின்னேரம் பெக்டரி விட்டு என் வீட்டுக்காரர் லயத்துப் படியேறி வரும் நேரத்தில் அவள் வாசலில் நிற்பாள். அவர் கையில் பேக்கரிப் பாண் இருக்கும், சில நாள் பிள்ளைகளுக்கு வாழைப்பழம் இருக்கும். அவள் அவரைத் தலையில் இருந்து கால்வரை பார்ப்பாள். பிறகு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். அந்தப் பார்வை எனக்குத் தெரிந்த பார்வை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன், அவருக்குக் கேட்கவில்லை. இரண்டாம் முறை கத்தினேன். "இந்தச் செவிட்டு மனுஷனோட தொல்லையா இருக்கு" என்று வழக்கம்போல முனகினேன். தங்கை பக்கத்துக் கொடியில் நின்றதைக் கவனிக்கவில்லை.

"ஏன்க்கா அப்புடிச் சொல்ற?" என்றாள். அவள் கையில் இருந்த துணி கீழே விழுந்தது. "அந்தச் செவிட்டுக் காத சாமி எங்க வீட்டுக்குக் குடுத்திருக்கக் கூடாதா? ஒன் வீட்டுக்காரரு தெனம் படியேறி வர்றாரு. அதப் பாத்துப் பாத்து நான் சாகுறேன். நீ என்னடான்னா தொல்லைங்குற!"

லயமே வெளியே வந்து பார்த்தது. நான் அவளை உள்ளே இழுத்துப்போனேன். அவள் அடங்கும்வரை காத்திருந்து, டொக்டரம்மா படத்தைப் பார்த்த நாளைப் பற்றிச் சொன்னேன். கடதாசியைக் கேட்கச் சொன்னது, நான் சொல்லாமல் விட்டது, அவரிடம் பொய் சொன்னது எல்லாம் சொன்னேன்.

அவள் அழவும் இல்லை, அடிக்கவும் இல்லை. அடுப்பைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"சொல்லியிருந்தாலும் நான் நம்பியிருக்க மாட்டேன்" என்றாள் கடைசியில். "ஒனக்குப் பொறாமைன்னு நெனச்சிருப்பேன்."

"பொறாமையாத்தான் இருந்துச்சு."

"தெரியும். வயித்துவலின்னு நீ படுத்தப்பவே தெரியும்."

எழுந்து போய்விட்டாள். ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. மனு எழுத வேண்டியிருந்தால் மட்டும் கடதாசியைக் கொண்டுவந்து திண்டில் வைத்துவிட்டுப் போவாள். நான் எழுதிவைத்ததை வந்து எடுத்துப்போவாள்.

தங்கையின் புருஷன் உயிரோடு வந்தார். வலது தொடையில் செல் குண்டின் துண்டு பாய்ந்து, அங்கே ஆஸ்பத்திரியில் கிடந்து, அங்கிருந்து நம் தூதரகத்துக்கு எப்படியோ போய்ச் சேர்ந்து, ஒரு மழை நாளில் த்ரீவீலரில் வந்து இறங்கினார். இடது கையில் இரண்டு விரல் இல்லை. சட்டைக்குள் ஆளே பாதிதான் இருந்தார். இந்த முறை நான் முதல் ஆளாகப் போய் நின்றேன். என்னைப் பார்த்து, "வயித்துவலி எப்புடிக்கா?" என்று கேட்டார். கிண்டலா, நிஜமாகவே ஞாபகம் வைத்துக் கேட்டாரா, இன்றுவரை தெரியாது.

சில நாள் கழித்துக் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். தன்னோடு குழிக்குள் கிடந்தவர்களில் ஒருவர் ட்ரக்டர் ஓட்டியவர், ஒருவர் சுரங்கத்தில் வேலை செய்தவர், இன்னொருவன் ஜெயிலில் இருந்து வந்தவன் என்றார். "அவங்களும் நம்மள மாதிரி ஆளுங்கதான்க்கா. அவங்க நாட்டு லயத்து ஆளுங்க."

அப்படியே பேச்சுவாக்கில் இன்னொன்றும் சொன்னார். "ட்ரெய்னிங் கேம்புல எங்களோட சிங்களப் பையன் ஒருத்தன் இருந்தான். அவன் அக்கா யாருகிட்டயோ அந்தக் கடுதாசியக் காட்டி வாசிச்சிருக்கா. ஒடனே எம்பசிக்குப் போன் மேல போன் போட்டு ஒரே சத்தம். பெரிய தொல்லையாப் போச்சுன்னு அவன மட்டும் பின்னாலயே நிறுத்திட்டாங்க. நாங்க முன்னுக்குப் போனப்ப அவன் அங்க வெறகு வெட்டிக்கிட்டு இருந்தான். குடுத்து வச்சவன்."

நான் தரையைப் பார்த்தேன். தங்கை அவருக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தாள். கோப்பை நிரம்பி வழிந்த பிறகுதான் நிறுத்தினாள். என்னைப் பார்க்கவில்லை. நான் மறைத்ததை அவரிடம் சொல்லவும் இல்லை. இன்றுவரை சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

டொக்டரம்மாவின் மகன் அடுத்த லீவில் வந்தபோது அந்தக் காலைப் பார்க்க வரச்சொன்னான். அவரைக் கட்டிலில் படுக்கவைத்து, தொடையை அமுக்கி, மடக்கச் சொல்லி நீட்டச் சொல்லிப் பார்த்தான். நடுவில் ரஷ்ய மொழியில் ஏதோ கேட்டான். இவர் பதில் சொன்னார். அவன் சிரித்துவிட்டான். வெளியே வந்ததும் என்ன கேட்டான் என்று தங்கை விசாரித்தாள்.

"எனக்கு எத்தன வார்த்த தெரியும்னு கேட்டாரு. படு, ஓடு, தோண்டு, தண்ணி, ரொட்டி. அவ்வளவுதான் தெரியும்னேன். அவருக்கு ஒடம்புல இருக்குற ஒவ்வொரு எலும்புக்கும் பேரு தெரியுமாம்."

இவர் அதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பிள்ளை எங்களுக்கு நல்லது மட்டுமே செய்திருக்கிறான். நான் இன்றும் அந்த டிஸ்பென்சரியில்தான் நம்பர் துண்டு எழுதுகிறேன். அடுத்த வருடம் அவன் படிப்பு முடிகிறது என்று டொக்டரம்மா சந்தோஷமாகச் சொல்லும்போது நானும் சந்தோஷமாகத்தான் முகத்தை வைத்துக்கொள்கிறேன். உள்ளே எரிகிறது. என் பிள்ளைகள் வீட்டுப்பாடம் செய்யும்போது பக்கத்திலேயே உட்கார்ந்து நான் ஏன் அவ்வளவு கடுமையாக இருக்கிறேன் என்று என் வீட்டுக்காரர் கேட்கிறார்.

தங்கையும் நானும் இப்போது பேசுகிறோம். பழைய மாதிரி இல்லை. அவள் விடிந்ததும் கொழுந்துக்குப் போகிறாள். அவள் புருஷன் வாசலில் உட்கார்ந்து, கொத்துவேலை கேட்டு வருகிறவர்களுக்கு வேறு ஆட்களைச் சொல்லி அனுப்புகிறார்.

போன தைப்பொங்கல் கழிந்து, பக்கத்துத் தோட்டத்தில் இருந்து ஒரு புருஷனும் பொஞ்சாதியும் அவரைத் தேடி வந்தார்கள். நானும் அங்கே இருந்தேன். எந்த ஏஜென்ட் மூலம் போனீர்கள், இப்போதும் ஆள் எடுக்கிறார்களா என்று அந்த ஆள் கேட்டான். அவர் சாரத்தை உயர்த்தித் தொடையைக் காட்டினார். புருஷன் முகம் சுருங்கிவிட்டது. பொஞ்சாதி அந்தக் காலைப் பார்க்கவில்லை. உள்ளே, ரஷ்யக் காசில் வாங்கிய பிரிட்ஜைப் பார்த்தாள், பிறகு என் தங்கையைப் பார்த்தாள்.

அவர்கள் புறப்பட்டபோது நானும் பஸ் ஹோல்ட் வரை கூடவே நடந்தேன். கடதாசியில் என்ன இருந்தது, கொழும்பில் யார் யார் வரிசையில் நின்றார்கள் என்று எல்லாம் சொன்னேன். என் வீட்டுக்காரரின் காதைப் பற்றியும் சொன்னேன்.

"நீங்க ஏன் இவ்வளவு தூரம் வந்து சொல்றீங்க? நாங்க போறது ஒங்களுக்குப் புடிக்கலியா?" என்று அவள் கேட்டாள்.

"புடிக்கலதான்மா" என்றேன்.

பஸ் வந்ததும் ஏறிப் போய்விட்டார்கள்.

போன மாதம் பசறைச் சந்தையில் பக்கத்துத் தோட்டத்து அந்த ஆளைப் பார்த்தேன். வெலிமடையில் இருந்து வந்த லொறியில் இருந்து கரட் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தான். அவள் ஓரத்தில் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என்னைக் கண்டதும் முகத்தை வெடுக்கென்று திருப்பிக்கொண்டாள். நான் கிட்டப் போகவில்லை. அரைக்கிலோ லீக்ஸ் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.